துலாவைக் கழற்றச் சொன்னவர்

எங்கள் மிளகாய்த் தோட்டத்தைக் கொன்றவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியபோது கிணற்றுக்கு மேலே நீட்டிய துலா மரத்தை மிதித்துத்தான் தண்ணீர் இறைத்தோம். என் மனுசன் துலாவில் ஏறி நடப்பார். நான் வாய்க்காலில் நின்று தண்ணீர் கட்டுவேன். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் வந்தது. இனித் துலாவுக்கு வேலையில்லை, கழற்றுங்கள் என்று தலைவர் வீடு வீடாக வந்து சொன்னார். நாங்களும் கேட்டோம். துலாவை அறுத்து மிசின் கொட்டிலுக்குக் கூரை வளையாகப் போட்டோம். அதைத் தாங்கிய மரங்கள் அடுப்புக்குப் போயின.

சங்கக் கடையின் பின்பக்கம் சில பீப்பா மண்ணெண்ணெய் அவசரத்துக்கென்று எப்போதும் இருக்கும். அதையும் விற்றுவிடலாம் என்று தலைவர் கூட்டத்தில் சொன்னார். நம்முடைய நாட்டில் எண்ணெய் சுத்திகரிப்பதில்லை, எல்லாம் கப்பலில் வருவது, கப்பல் பிந்தினால் என்ன செய்வது என்று என் மனுசன் எழும்பிக் கேட்டார்.

"கப்பல் மாதாமாதம் வருகுது. நீர் ஏன் காணும் பயப்படுறீர்?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். பீப்பாக்கள் விற்றுப்போயின.

கப்பல் பிந்தியது. மிளகாய் காய் பிடிக்கிற நேரம். சங்கக் கடை பூட்டிக் கிடந்தது. வாளியால் அள்ளி ஊற்றினோம். கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம், கிணற்றடி வரிசை மட்டும் தப்பியது. முல்லைத்தீவிலிருந்து செத்தல் மிளகாய் வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி வெறும் சாக்குகளோடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கப்பலை நம்பித் தோட்டம் செய்யிறதெண்டால் கடற்கரையில எல்லோ செய்திருக்க வேணும், தங்கச்சி," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாக்குகளை மடித்தார்.

அந்த வருசம் என் மனுசன் ஆனையிறவு உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். அங்கே காலில் பிடித்த புண் இன்றைக்கும் ஆறி ஆறி வெடிக்கிறது. இனித் துலா இருந்தாலும் அவரால் மிதிக்க ஏலாது.

போன கிழமை அதே தலைவர் சங்க மண்டபத்தில் பேசினார். கொழும்புப் பக்கம் சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டதாம், இனித் தட்டுப்பாடே வராதாம். அந்த ஆலையில் சுத்திகரிக்க வேண்டிய மசகெண்ணெயும் கப்பலில்தானே வருகிறது? கூட்டம் முடிந்ததும் கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு பீப்பாவும் இல்லை. கோழிகள் படுத்திருந்தன.

வருகிற பொதுக்கூட்டத்தில் முன்கதிரையில் இருப்பேன். கப்பல் இன்னொருமுறை பிந்தினால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி மேலே வரும்? அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் தலைவர் எழும்பி நின்று பதில் சொல்லட்டும்.