மாத்திரை போடாமல் போன நாள்

முதலில் இறங்கியது இடது கண் இமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சான்றிதழ் கேட்டு வந்தவர்களின் மனுக்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது அது பாதி மூடிக்கொள்ளும். எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். நான் வருவாய்த் துறையில் உதவியாளர், வேங்கிக்காலில் அலுவலகம், நாற்பதைத் தாண்டிய வயது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் வரிசையில் நின்ற ஒருவர் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். “பாரு, சம்பளம் வாங்கிக்கினு எப்டி தூங்குறான் பாரு.” எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். நான் தூங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தூங்குபவனைப் போன்ற முகத்தோடு அதை எப்படிச் சொல்வது?

பௌர்ணமி வந்தால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேரைக் கிரிவலப் பாதைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மாதம் எனக்கு உதவி மையத்தில் ஒலிபெருக்கி வேலை. பொழுது சாயும் நேரத்தில் தன் பெண் குழந்தையைக் காணவில்லை என்று ஓர் அப்பா ஓடிவந்தார். குழந்தையின் பெயர், சட்டை நிறம், ஊர் எல்லாவற்றையும் அறிவித்தேன். திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல நாக்கு கனத்தது. குரல் மூக்கு வழியாக வந்தது. குழந்தையின் பெயர் எனக்கே புரியாத ஒரு சத்தமாக ஒலிபெருக்கிகளில் பரவியது.

அந்த அப்பா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“கொழந்தய காணோம்னு நான் செத்துக்கினு இருக்கேன், இவன் ஊத்திக்கினு வந்து மைக் புடிச்சிருக்கான்யா!”

சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. இல்லை என்று சொல்ல முயன்றேன். அதுவும் குழறிக்கொண்டுதான் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

குழந்தை சற்று நேரத்தில் ஒரு பழக்கடை ஓரத்தில் கிடைத்துவிட்டது. பணியில் இருந்த காவலர் என்னை ஓரமாக அழைத்துப்போய்க் கருவியில் ஊதச் சொன்னார். “ஒண்ணுமே இல்லையே சார்” என்றார் வியப்போடு. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

மறுநாள் ஊர் முழுக்க அந்தக் காணொளி. மக்கள் வரிப்பணத்தில் போதை என்று மேலே எழுதியிருந்தது. என்னை வேலையைவிட்டுத் துரத்த வேண்டும் என்றவர்கள் கொஞ்சம் இரக்கமானவர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். “அப்பா, இனிமே ஸ்கூல் கேட்டுக்கு நீங்க வர வேணாம். அம்மா வரட்டும்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். என் மனைவி கவிதாதான், “விளக்கம் அப்புறம் எழுதலாம், மொதல்ல வாங்க” என்று அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு இழுத்துப்போனாள்.

அங்கிருந்த பெண் மருத்துவர், இமைக்காமல் கூரையைப் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தேன். திரை இறங்குவதுபோல் இமை இறங்கியது. ஒரு கையுறையில் பனிக்கட்டியைப் போட்டுக் கண்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். சில நிமிடம் கழித்து எடுத்தபோது கண் முழுதாகத் திறந்திருந்தது. கவிதா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவரு குடிக்கவும் இல்லம்மா, தூங்கவும் இல்ல. மூள அனுப்புற சேதி தசைக்குப் போய்ச் சேரல. அவ்ளோதான்” என்றார் மருத்துவர்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ் (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பும் தசையும் சேருமிடத்தைத் தாக்குவதால் வரும் தசைச் சோர்வு). பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை ஓய்ந்துவிடும். ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் திரும்பி வரும். ரத்தப் பரிசோதனை உறுதி செய்தது. தைமஸ் சுரப்பியில் (நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சிறு சுரப்பி) கட்டி இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. பைரிடோஸ்டிக்மின் (நரம்பின் சேதியைத் தசையில் கூடுதல் நேரம் நிற்க வைக்கும் மருந்து) வேளை தவறாமல் போட வேண்டும் என்றார். கூடவே ஸ்டீராய்டு (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து). சில மாதம் ஓய்வு.

சம்பளத்தோடு மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பித்தேன். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, இனி எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினேன். இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போதுதான் பெயர் தெரிந்து வீடு திரும்பியிருந்தால், அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கவிதாவின் தம்பி சரவணன், ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறான். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. எழுந்து போனபோது அவனுடைய இடத்தில் வேறு ஆள். கெஞ்சித்தான், முன்னைவிடக் கம்மிச் சம்பளத்துக்கு, மீண்டும் சேர்ந்தான். என்னைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தவன், காலை நேரத்தில் நான் நன்றாகப் பேசுவதையும் நடப்பதையும் பார்த்தான்.

“உங்களுக்கு இன்னா மாமா, நாங்க படுத்தா சோறு இல்ல. நீங்க படுத்தா சம்பளம்.”

“எனக்கு நோய் இருக்குடா.”

“எனக்கு மட்டும் இல்லியா? உங்க நோய்க்கு ஆர்டர் போட்டுத் தர்றாங்க. என் நோய்க்கு ஆள மாத்துறாங்க.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவனை மாற்றிய முதலாளிமேல் இல்லாத கோபம் என்மேல் இருந்தது. முதலாளியை அவன் தினமும் வணங்க வேண்டும். என்னை வணங்க வேண்டியதில்லை.

காணொளியால் அலுவலகத்துக்கும் கெட்ட பெயர். எனவே என் விடுப்பை மருத்துவக் குழுவுக்கு (நோய் உண்மையா, விடுப்பு தேவையா என்று பார்த்துச் சொல்லும் அரசு மருத்துவர்கள் குழு) அனுப்பினார்கள். முதல் முறை போனது காலையில். எழுந்ததும் மாத்திரை போட்டிருந்தேன். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். நரம்பியல் மருத்துவரின் கடிதத்தை ஒருவர் மேலோட்டமாகப் பார்த்தார்.

“நல்லாத்தான இருக்கீங்க? வெளிய பேஷன்ட்டுங்க அவ்ளோ பேரு நிக்கிறாங்க. போய் வேலையப் பாருங்க.”

“சாயங்காலம் பாருங்க சார்” என்றேன்.

“சாயங்காலம் நானே டயர்டாத்தான் இருப்பேன்.” எல்லோரும் சிரித்தார்கள். பணிக்குத் தகுதி என்று எழுதினார்கள்.

வேலைக்குத் திரும்பினேன். மதியத்துக்குமேல் தலையைத் தாங்கக் கழுத்தில் பலம் இருக்காது. ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் எழுதுவேன். அதையும் தெனாவெட்டு என்றார்கள். சோற்றை மெல்ல முடியாமல் பாதியில் மூடி வைப்பேன். மறுபடி விடுப்பு, மறுபடி மருத்துவக் குழு.

அலுவலகத்தில் எனக்கு நல்லது நினைத்த ஒரே ஆள் எங்கள் கண்காணிப்பாளர். மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார். “மாத்திர போட்டுக்கினு போய் நின்னா அவங்க எப்டிய்யா நம்புவாங்க? ஒரு நாள் போடாம போ. கண்ணால பாக்கட்டும்.”

நோயாளி என்று நம்பவைக்க நான் இன்னும் நோயாளியாக வேண்டியிருந்தது. கவிதாவிடம் சொல்லவில்லை. முதல்நாள் மாலையிலிருந்தே மாத்திரையை நிறுத்தினேன். லேசாகச் சளி இருந்ததைப் பொருட்படுத்தவில்லை.

குழு காலையில் கூடும் என்று சொல்லியிருந்தார்கள். யாரோ பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்திருப்பதால் தாமதமாகும் என்றார்கள். அதே அரசு மருத்துவமனையில், குழு அறைக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் நானும் கவிதாவும் உட்கார்ந்திருந்தோம். முதலில் இமைகள் இரண்டும் மூடின. பிறகு எச்சிலை விழுங்க முடியவில்லை. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். தலை நெஞ்சில் தொங்கியது. இப்போது கூப்பிட்டால் சரியாக இருக்கும் என்று அப்போதும் நினைத்தேன். அதை எழுதவே கூசுகிறது.

“ஏங்க, மாத்திர போட்டீங்களா?” என்றாள் கவிதா. என் பதில் அவளுக்குப் புரியவில்லை. அவள் எழுந்து, கதவருகே நின்ற ஊழியரிடம் போனாள்.

“அண்ணா, இவருக்கு மூச்சு விட முடியலண்ணா. உள்ள சொல்லுங்க.”

“லீவு கேட்டு வர்றவங்க அத்தினி பேரும் இங்க வந்து இப்டித்தாம்மா பண்றாங்க. உக்காருங்க, கூப்டுவாங்க.”

அவரும் அரசு ஊழியர்தான்.

கவிதா செருப்பைக்கூட விட்டுவிட்டு நரம்பியல் பிரிவுக்கு ஓடினாள். நான் பெஞ்சிலிருந்து சரிந்தேன். வயிறு எக்கி எக்கிப் பார்த்தும் காற்று உள்ளே வரவில்லை. தண்ணீரில் மூழ்குபவனாவது கைகால் உதறுவான். எனக்கு உதறவும் தசை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் கால்களை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

மயஸ்தீனிக் கிரைசிஸ் (மூச்சுத் தசைகளும் ஓய்ந்துபோகும் அபாய நிலை). தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் (செயற்கையாகச் சுவாசம் தரும் கருவி) போட்டார்கள். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை (ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து, தாக்கும் எதிர்ப்பொருட்களை நீக்கும் முறை) தொடங்கினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோயில் நினைவு போகாது. மயக்க மருந்து குறைக்கப்பட்ட நாட்களில் எனக்கு எல்லாம் கேட்டது. கண்ணைத் திறக்கவோ விரலை அசைக்கவோ முடியாததால், எனக்குக் கேட்பது யாருக்கும் தெரியவில்லை.

என்னைப் பார்த்துக்கொண்ட செவிலியர் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். காய்ச்சலோடு ஏன் வந்தாய் என்று இன்னொருவர் கேட்டார். “நான் கான்ட்ராக்ட்டுக்கா. லீவு போட்டா சம்பளம் கட். ரெண்டு தபா போட்டா ஆளே கட்.” சொல்லிவிட்டு, முகக்கவசத்தின்மேல் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு என் குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்தார். அவருடைய கை கொதித்தது.

ஒரு பார்வை நேரத்தில் சரவணன் வந்தான். அக்காவும் தம்பியும் என் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“பயப்படாதக்கா” என்றான் சரவணன். “அப்டியே எதுனா ஆனாலும், சர்வீஸ்ல இருக்கும்போது ஆனா வாரிசு வேல ஒனக்குத்தான். நீ டிகிரி முடிச்சிருக்க. எங்க மாதிரி ஆளுக்குன்னா அதுவும் இல்ல.”

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். குரல்கூட உடைந்திருந்தது. கவிதா அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். இயந்திரம் என்னை மூச்சுவிட வைத்தது, மறுபடி வைத்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மெல்லத் தேறினேன். குழாயை எடுத்தார்கள். விழுங்கக் கற்றுக்கொடுத்தார்கள். நரம்பியல் மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார்.

“ஏன் மாத்திர நிறுத்துனீங்க?”

“நம்பணுமே மேடம்.”

“செத்திருந்தா நம்பியிருப்பாங்க” என்றார். இரக்கமில்லாமல் இல்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

மருத்துவக் குழு என்னைப் பார்க்காமலேயே கேட்ட விடுப்பை முழுவதும் கொடுத்துவிட்டது. தொண்டைக்குள் குழாய் போன செய்தியே போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து குரல் ஓரளவு திரும்பிய பிறகு ஒரு காலை, மகள் பள்ளிக்குப் போனதும் கவிதாவிடம் கேட்டேன். “சரவணன் அன்னிக்குச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நீ ஏன் ஒண்ணும் சொல்லல?”

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அவன் சொல்றதுக்கு முன்னாடியே நான் அத யோசிச்சிட்டேங்க” என்றாள். “ஐசியூக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தப்பவே. பொண்ணு இருக்குல்ல.” பிறகு, “நீங்க மாத்திர போடாதத எங்கிட்ட சொல்லல. நான் இத உங்ககிட்ட சொல்லல” என்றாள்.

தட்டிலிருந்த பூண்டில் ஒன்றை எடுத்து நானும் உரித்தேன். சிறிது நேரத்தில் விரல் ஓய்ந்தது. என் கையிலிருந்ததை அவள் வாங்கிக்கொண்டாள்.

இப்போது மக்கள் வராத பதிவறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். நோயின் பெயர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பதிவறை சொகுசு என்று பேச்சு இருக்கிறது.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு: யார் நம்பாவிட்டாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாம் தவறாமல் மருந்து போட்டால் நம்மைப் பார்ப்பவர்களுக்கு நோய் தெரியாது. அது அவர்களுக்கு நம்மேல் ஒரு குறையாக இருக்கட்டும். மூச்சு நம்மிடம் இருக்கட்டும்.

எனக்கு இப்போது நாள் என்பது காலை மட்டும்தான். பேச வேண்டியது, மெல்ல வேண்டியது, சிரிக்க வேண்டியது எல்லாம் அதற்குள். வெயில் ஏற ஏற என் உடம்பிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள்: முதலில் கண், பிறகு நாக்கு, கடைசியில் கழுத்து. சாயங்காலம் மகள் வந்து எதிரே உட்கார்ந்து பள்ளியில் நடந்ததைச் சொல்கிறாள். இமை மூடியிருப்பதால் தூங்குகிறேனோ என்று பாதியில் நிறுத்துகிறாள். விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அவள் மேலே சொல்கிறாள்.