எந்த வீட்டுக்கு எந்த மோடம்

மோடம் மாட்டுகிற தொழிலில் பாதி நேரம் கட்டிலுக்கு அடியில்தான் கழியும். டெலிபோன் சாக்கெட்டை அந்தக் காலத்தில் எந்த மூலையில் வைத்தார்களோ, அந்த மூலையில்தான் பிற்பாடு கட்டிலோ பீரோவோ வந்து உட்கார்ந்திருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்பக்கம் ஒரு மாடிக் கடையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் உதிரி பாகங்கள் விற்கிற கடை. நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்பதால் இன்டர்நெட் வேண்டும் என்று வருகிறவர்களை முதலாளி என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்.

உங்களில் பலருக்கு அந்த அவஸ்தை மறந்திருக்காது. மோடம் நம்பரைப் போட்டு, கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணைப்பு கிடைத்து ஒரு பக்கம் பாதி இறங்கியிருக்கும். அப்போது பார்த்து சமையலறையில் யாராவது ரிசீவரை எடுத்து ஹலோ என்பார்கள். எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. கடைக்கு வருகிறவர்கள் டப்பாவின் மேல் எந்த எண் பெரிதாக இருக்கிறதோ அதைத்தான் கேட்பார்கள். அவர்கள் கம்ப்யூட்டர் என்ன வயது, லைன் எப்படி என்று நான் விசாரித்தால் இந்தப் பெண்ணுக்கு விற்கத் தெரியவில்லை என்கிற மாதிரி முதலாளியைப் பார்ப்பார்கள். அந்த வீடுகளில் சில இன்னும் எனக்குள் இருக்கின்றன.

ராயப்பேட்டையில் ஈர லைன்

சாந்தாவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. மவுண்ட் ரோட்டில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். பஸ் நின்று அவர் காலைக் கீழே ஊன்றுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் அவருடைய நிறுத்தத்தில் பஸ் நிற்காது, எங்கேயோ தள்ளிப் போய் நிற்கும். இரண்டு தடவை விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகு வேலையை விட்டுவிட்டார். அப்புறம்தான் அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளை வீட்டிலிருந்தே கேட்டு டைப் அடித்து அனுப்புகிற வேலை கிடைத்தது. வேலை கொடுத்த கம்பெனி எல்லாவற்றிலும் வேகமான மோடம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டதாம். அதையே எங்கள் கடையில் கேட்டு வாங்கிப் போனார்.

அடுத்த வாரமே போன் வந்தது. ஃபைல் முக்கால் பங்கு போனதும் இணைப்பு அறுந்துவிடுகிறது, கம்பெனிக்காரர்கள் இனிமேல் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். ரிசீவரைக் காதில் வைத்தால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். தெருமுனையில் கேபிள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த லைன்மேனிடம் கேட்டதற்கு, மழை பெய்தால் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது, புது கேபிள் வருகிறவரை தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்தார்.

வேகமான மோடம் இந்த மாதிரி லைனில் தத்தளிக்கும். தன் வேகத்துக்கு லைனை இழுத்துப் பார்த்து, முடியாமல் கையை விட்டுவிடும். கடையில் யாரும் சீந்தாமல் கிடந்த பழைய ரகம் ஒன்று இருந்தது. வேகம் குறைவு, ஆனால் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும். அதைக் கொண்டுவந்து மாட்டி, வேகத்தை இன்னும் ஒரு படி குறைத்து வைத்தேன். அன்றைய ஃபைலை அனுப்பினோம். சாந்தா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, எவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் காட்டுகிற கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுத்து வந்ததும் கோத்த கைகளைப் பிரித்தார். ரொம்ப மெதுவாகத்தான் போகும், பரவாயில்லையா என்று கேட்டேன்.

"வேகமெல்லாம் வேணாம் மேடம். பஸ்ல போன காலத்துலேர்ந்து எனக்கு ஒரே ஆசைதான், பாதி வழியில இறக்கி விடாம கொண்டுபோய்ச் சேத்தாப் போதும்."

மயிலாப்பூரில் ஒரு சண்டை

மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாமாவும் மாமியும். மாமா பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். காது அறவே கேட்காது. மாமி பாட்டு சொல்லிக் கொடுப்பார். ஒரே பிள்ளை அமெரிக்காவில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மாமிதான் பேசுவார். நெடுநேரம் பேசிவிட்டு ரிசீவரை வைத்ததும் மாமாவின் முகத்துக்கு நேராக வந்து, உதட்டை நிதானமாக அசைத்து, "சௌக்கியமாம்" என்பார். மாமா தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார். இப்படியே பல வருஷம் ஓடியிருக்கிறது.

பிள்ளை, கம்ப்யூட்டருக்கு உள்ளேயே பொருத்துகிற மோடம் போதும் என்று சொல்லியிருந்தான். அதைத்தான் எடுத்துப் போனேன். ஆனால் அதில் நம்பர் போகிறதா, எதிர்முனை எடுக்கிறதா என்பதையெல்லாம் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாமாவுக்கு அந்தச் சத்தம் இல்லை. திரும்பிக் கடைக்கு வந்து, மேஜைமேல் தனியாக வைக்கிற மோடத்தை எடுத்துப் போனேன். அதன் முகப்பில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அன்றைக்கே ஒற்றை விரலால் பிள்ளைக்கு நாலு வரி தட்டினார். அந்தப் பக்கம் அவனும் விழித்திருந்தான்போல, உடனே பதில் எழுதினான். அப்புறம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுத்தாகவே பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மாமி கடைக்கே வந்துவிட்டார். அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடு என்றார். பிள்ளை அந்த ஊர்க் குடியுரிமை வாங்கப் போகிறானாம். மாமா கூடாது என்கிறாராம். ராத்திரி பகல் என்று பார்க்காமல் இருவரும் தட்டித் தட்டிச் சண்டை போடுகிறார்களாம், வீட்டில் சாப்பாடுகூட நேரத்துக்கு நடப்பதில்லையாம். நான் போனபோது மாமா கம்ப்யூட்டர் முன்னால் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மாமி என்னைக் காட்டி, மோடத்தைக் காட்டி, கையால் பிடுங்குகிற மாதிரி சைகை செய்தார். மாமா அந்தப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

"அவன்கிட்ட நன்னாப் பேசியே எத்தனையோ வருஷமாச்சு. சண்டையாவது போட்டுண்டிருக்கேன், இருக்கட்டும்மா."

அபிராமபுரம் டாக்டர் வீடு

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். டாக்டர் வீட்டு முன்னறைதான் கிளினிக். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான் வைத்தியர். என்ஜினியரிங் படிக்கிற மகனுக்காக மோடம் மாட்டினோம். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் ஒரே லைன். இன்டர்நெட்டில் இருக்கும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் என்கேஜ்டு டோன்தான் கேட்கும், இரண்டாவது லைன் வாங்குவது நல்லது என்று சொன்னேன். எழுதிப் போட்டிருக்கிறோம், வரும்போது வரும் என்றார்கள். எல்லா வீட்டிலும் அதே பதில்தான்.

ஒரு சாயங்காலம், பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவருக்கு மார்பு வலி. அவரைத் தனியாக விட்டுவிட்டு ஓடி வரவும் முடியாமல், அவர் மனைவி டாக்டருக்கு நம்பரைச் சுழற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மகன் கல்லூரி விஷயமாக ஏதோ தேடிக்கொண்டிருந்தான். லைன் கிடைக்கவில்லை. கடைசியில் அண்டை வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. டாக்டர் கிளினிக்கில்தான் இருந்தார். நோயாளிகூட யாரும் இல்லாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாராம்.

மோடத்தைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார். போனபோது மகனே கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, மோடம் கார்டைப் பிடுங்கி ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தான். நான் வந்ததற்கு வேலையே இல்லை. இரண்டாவது லைன் வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். உடனே போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று தனக்கே நிச்சயமில்லை என்றார். மகனை அவர் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. பையன்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். பிறகு, வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்தம்மா நேத்து பிரஷர் மாத்திரைக்கு வந்துட்டுப் போனாங்க. ஏன் போன் கிடைக்கலைன்னு ஒரு வார்த்தை கேக்கலைம்மா. கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்."

சேட்டு பார்த்த முகம்

சேட்டு எங்கள் கடையில் வயர் இழுக்கிறவன். அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவன். அவன் மாமனார் வீட்டாரைக் குடிசை மாற்று வாரியத்தார் ஊருக்கு வெளியே, பஸ்ஸே அபூர்வமாக வருகிற இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே போன் கிடையாது. மனைவி முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அன்று பெசன்ட் நகரில் ஒரு வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்து, போட்டோவை மெயிலில் அனுப்பியிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது பழைய கம்ப்யூட்டர். புது ரக மோடம் கார்டு அதில் நுழையவே இல்லை. வேறு மோடம் வரவழைத்து மாட்டி முடிக்க மதியமாகிவிட்டது. படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. முதலில் குல்லா, பிறகு நெற்றி. வீடே திரையைச் சுற்றி நின்றது. மூடிய கண்கள் வந்ததும் பாட்டியம்மா அழுதுவிட்டார். சேட்டு ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, மோவாய் வரைக்கும் முழு முகமும் இறங்குகிறவரை நகராமல் நின்றான்.

கடைக்குத் திரும்பினால், படிக்கட்டில் அவன் மச்சான் உட்கார்ந்திருந்தான். முந்தின நாளே ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகிவிட்டது, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். துணைக்கு வேறு ஆள் இல்லாததால் மச்சானால் அவளை விட்டு வர முடியவில்லை. டெலிபோன் பூத்திலிருந்து கடைக்குப் போட்டுப் பார்த்தால் மழையில் ஆஸ்பத்திரிப் பக்கம் பூராவும் லைன் செத்துக் கிடந்ததாம். முதலாளி சேட்டுவை உடனே கிளம்பச் சொன்னார். அவன் சட்டையில் துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றான். பஸ்ஸுக்கு நேரமாகிறது, போ என்றேன். படியில் இறங்கப் போனவன் திரும்பி என்னிடம் சொன்னான்.

"அந்த வூட்டுக் கொயந்த மூஞ்சிய ஒவ்வொரு கோடா பாத்துகினு நின்னேங்க்கா. எங்கொயந்த பொறந்து ஒரு நாளாச்சாம், எனக்குத் தெரில."

இப்போதெல்லாம் சுவரில் எந்த ரவுட்டர் மாட்டலாம் என்று யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், கம்பெனிப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறேன், அதனால் இரண்டாவது தடவை என்னிடம் யாரும் கேட்பதில்லை.