சுவருக்கு அந்தப் பக்கம் ஏழடி

அன்று காலை டீச்சர் வீட்டுக் கிணற்றடியில் நின்றவர்கள் நான்கு பேர். டீச்சர், அவருடைய பத்து வயது மகள், பக்கத்து வீட்டுச் சிங்கப்பூர்க்காரர், நான். சிங்கப்பூர்க்காரரின் மனைவி கேட் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவரைச் சேர்க்க முடியாது. நான்கு பேரும் கயிற்றில் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்னவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் சிமெண்டு உறை இறக்குவது என் தொழில். எட்டாவதோடு நின்றவன். பயப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை என்பதால் அதை மட்டும் குறைவில்லாமல் செய்துவருகிறேன். கயிறு அறுந்துவிடுமோ, உறை சாய்ந்துவிடுமோ, மூடி உடைந்து மாடு விழுந்துவிடுமோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பேன். வீட்டுக்காரர்கள் முதல் இரண்டைக் கேட்பார்கள். அதன்பிறகு டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைப்பார்கள்.

சிங்கப்பூர்க்காரர் இருபத்திரண்டு வருடம் அங்கே கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். இடுப்பில் எப்போதும் ஒரு மஞ்சள் இரும்பு டேப் தொங்கும். கோயிலுக்குப் போனாலும் தொங்கும். வீடு கட்டும்போது ஜன்னலுக்கு ஜன்னல், படிக்குப் படி அளந்தார். வாஸ்துவும் பார்த்தார். ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கில், தண்ணீர். வாயு மூலை, அதாவது வடமேற்கில், கக்கூஸ் குழி. குழிக்கு நான்தான் உறை இறக்கினேன். கீழே தளம் கிடையாது. தண்ணீர் மண்ணில் இறங்கிப் போய்விடும், குழி சீக்கிரம் நிறையாது என்று எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். தன் போர்வெல்லுக்கும் குழிக்கும் நடுவே அவரே டேப் பிடித்தார். ஐம்பத்தைந்து அடி. "பாத்தியா, சேஃப்டி" என்றார். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது, மேற்குச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கும் வரை.

அந்தப் பக்கம் டீச்சர் வீடு. அவர்களும் வாஸ்து பார்த்துக் கட்டியவர்கள். அவர்களுடைய ஈசானிய மூலையில் உறைக்கிணறு. இவருடைய வடமேற்கும் அவர்களுடைய வடகிழக்கும் ஒரே சுவரில் முதுகு சாய்த்திருந்தன.

நான் பார்த்தேன். கண்ணாலேயே அடியும் போட்டேன். சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து டீச்சரின் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. திருச்சியில் பதினோரு நாள் படுக்கை. தேறி வந்து, இரண்டே மாதத்தில் வயிற்றுப்போக்கு என்று மறுபடி படுக்கை. தண்ணீரைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்ல, டீச்சர் கிணறு இறைக்க என்னைத்தான் கூப்பிட்டார். கயிற்றை எடுக்காமல் நான் நின்றுகொண்டே இருந்தேன். என்னண்ணே என்றார். சொன்னேன்.

சிங்கப்பூர்க்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டையும் போடவில்லை. "சந்தேகம்னா டெஸ்ட் பண்ணுவோம்" என்றார். பாய் நெசவுக்குப் போடும் சிவப்புச் சாயப்பொடியை வெள்ளிக்கிழமை அவர் கக்கூஸில் கொட்டி, பதினைந்து வாளி தண்ணீர் ஊற்றினேன். எங்கள் பகுதி நிலம் மேலே ஓரடி மண், கீழே வெடிப்பு விட்ட பாறை. வெடிப்பில் போகிற தண்ணீரை வடிகட்ட யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வாளி மேலே வந்தது.

"அம்மா, ரோஸ் மில்க்!" என்றது பிள்ளை.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வாளியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். சிங்கப்பூர்க்காரர்தான் முதலில் பேசினார்.

"நான் வாயு மூலையிலதாம்மா போட்டுருக்கேன்."

"நாங்களும் ஈசானியத்துலதாண்ணே வெட்டிருக்கோம்."

"அப்ப ரெண்டு பேரும் கரெக்டாத்தான் செஞ்சிருக்கோம்."

"கரெக்டாத்தாண்ணே செஞ்சிருக்கோம். எம் புள்ளதான் தப்பாக் குடிச்சிருச்சு."

சிங்கப்பூர்க்காரர் டேப்பை உருவினார். தன் வீட்டுக்குப் போய்க் குழியிலிருந்து சுவர் வரை அளந்தார். நாலடி. தெருவைச் சுற்றித் திரும்பி வந்து, சுவரிலிருந்து கிணறு வரை அளந்தார். ஏழடி. டேப் சுருண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த டேப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"ஒனக்கு இது அன்னைக்கே தெரியுமாப்பா?"

"தெரியும்ண்ணே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"அன்னைக்கு ஏற்கெனவே ஒம்பது சொல்லிட்டேன். நீங்க டீ வாங்கித் தந்துட்டீங்க."

நக்கல் செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது. அதைக் காட்டாமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இங்கிட்டே நின்னு என்ன ஆகப்போவுது, லாரியக் கூப்பிடு" என்றார்.

மூலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. லாரி வந்து பழைய குழியை உறிஞ்சியது. சுண்ணாம்பு கொட்டி மண் போட்டு மூடினோம். அதை ஒட்டி, அடியில் தளம் உள்ள கசியாத தொட்டி ஒன்றை இறக்கினேன். மிகுதித் தண்ணீரைக் குழாய் வழியாக வீட்டின் தென்கிழக்கே இருந்த தென்னைகளுக்குத் திருப்பினோம். தொட்டி வாயு மூலையில்தான் இருக்கிறது, தண்ணீர் மட்டும்தான் நடந்து போகிறது என்று அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். டீச்சர் வீட்டுக் கிணற்றை மூன்று முறை இறைத்து, பிளீச்சிங் போட்டு, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி நல்ல முடிவு வரும் வரை, சிங்கப்பூர்க்காரரே தன் போர்த் தண்ணீரில் தினமும் இரண்டு குடம் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் வைத்தார்.

மொத்தச் செலவு முப்பத்திரண்டாயிரம். டீச்சரிடம் ஒத்தை ரூபாய் வாங்கக் கூடாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எட்டிப் பாக்காம அளந்தது நான். பாத்துட்டும் சொல்லாதது நீ. எனக்கு முக்கா, ஒனக்குக் கா" என்றார். மறுத்துப் பேசியிருக்கலாம், உறை இறக்குகிறவனிடம் யாரும் கால் பங்கு கேட்பதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை திருச்சியில் படுத்திருந்த நாள் முதல் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அவர்தான் ஓர் அளவு சொன்னார். அன்றிரவு தூங்கினேன். ஐநூறு, ஆயிரம் என்று கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். எண்ணாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

சிங்கப்பூர்க்காரர் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததும், மகன் வந்து அவரையும் மனைவியையும் சிங்கப்பூருக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டான். வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி டீச்சரிடம். பிள்ளை இப்போது ஒன்பதாவது படிக்கிறது; அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது; ரோஸ் மில்க் என்று சொன்னது அதற்கு நினைவில்லை. போன மாதம் டீச்சர், "நம்பர் இருக்குண்ணே, பாக்கிய ஃபோன்லயே அனுப்பி விட்ருவோமா?" என்று கேட்டார். அவர் கையில் கொடுத்தால்தான் எனக்குத் தீரும் என்றேன். இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் உறையைத் தொடுவதற்கு முன் நான்கு சுவருக்கும் மேலாக எட்டிப் பார்க்கிறேன். பார்த்ததைத்தான் முதலில் சொல்கிறேன். மற்ற பயங்கள் டீக்குப் பிறகு. எட்டாயிரத்தில் நாலாயிரத்து ஐநூறு கொடுத்தாகிவிட்டது. இன்னும் மூவாயிரத்து ஐநூறு பாக்கி.