ஆறாம் வகுப்பை யோசிக்க வைத்த தவணை

பிள்ளைகளைப் பார்த்து "யோசியுங்கோ" என்று சொல்வது எங்கள் தொழிலில் சுலபம். அவர்கள் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினால்தான் தலையிடி. வெண்கட்டித் தூசி தின்ற சக ஆசிரியர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பயிற்சி முடித்த கையோடு அச்சுவேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பிக்கப் போனேன்.

வட்டம்

முதல் நாளே வரிசையாய்க் கிடந்த வாங்குப் பலகைகளை வட்டமாய் இழுத்துப் போட்டு, பிள்ளைகளைக் கூடிக் கதைத்துக் கணக்குச் செய்யவிட்டேன். இரைச்சலில் சந்தை தோற்றது. சத்தம் கேட்டு வந்த பள்ளி அதிபர் வாசலில் நின்று ஆசிரியையைத் தேடினார். நான் பிள்ளைகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்தேன். "ஒரு தவணை, மூண்டு மாசம் பாப்பம், ரீச்சர். சோதினையிலை மாக்ஸ் குறைஞ்சால் வாங்கெல்லாம் பழையபடி வரிசைக்கு வரும்."

ஒரு தகப்பனின் கவலை

நான் விடை சொல்வதில்லை; "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டாம் கிழமை ஒரு மாணவனின் தகப்பன், வெங்காயத் தோட்டத்துச் சேறு காயாத காலோடு வந்து, என்னை ஒதுக்குப்புறமாய்க் கூப்பிட்டார். "வெக்கப்படாதேங்கோ, ரீச்சர். எல்லாத்துக்கும் எங்கடை பெடியனிட்டை விடை கேக்கிறியளாம். என்ரை தம்பி உடுவில் பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிறான், நான் கேட்டுக்கொண்டு வந்து தாறன்."

மூன்று மூலை

பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று பிள்ளைகள் மூன்று வகை எனப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வகைக்கொரு மூலையாய்ப் பிரித்துவிட்டேன். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளை மட்டும் நடுவில் நின்றாள். "அப்பா வலை பின்னேக்கை பாத்தன், பிழைவிட்டுப் பேச்சுக் கேட்டன், பிறகு நானே பின்னினன். நான் எந்த மூலைக்குப் போறது, ரீச்சர்?"

லாம்புக் கணக்கு

தவணைச் சோதினைக்கு வினாத்தாள் போட்டவர் அதிபர். 'ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் லாம்பு பத்து மணி நேரம் எரியும். மூன்று போத்தலில் எவ்வளவு நேரம் எரியும்?' முப்பது என்று எழுதினால் முடிந்தது. பாதி வகுப்பு அப்படி எழுதவில்லை. திரியைக் குறைத்தால் இன்னும் எரியுமே என்று சிலர். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் அல்லவா, ஒரே வீட்டுக்கு மூன்று போத்தல் எப்படிக் கிடைத்தது என்று ஒருத்தி விசாரித்திருந்தாள்.

எனக்கு வாங்குகள் வரிசைக்குப் போவதை நினைக்க அழுகையே வந்தது. அதிபர் விடைத்தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து எல்லாவற்றுக்கும் சரி போட்டார். "எங்கடை வீட்டிலையும் திரி குறைச்சுத்தான் எரியுது. வட்டம் அப்பிடியே இருக்கட்டும், ரீச்சர். ஆனா வினாத்தாளை இனி நீங்களே போடுங்கோ. என்னாலை உதுகளுக்குப் பதில் சொல்லேலாது."

அடுத்த வினாத்தாளைப் போட எனக்கு முழுதாய் ஒரு கிழமை பிடித்தது. அந்த வகுப்பில் யோசிக்கப் பழகிய கடைசி ஆள் நான்தான்.