பஸ்ஸில் வந்த சுக்கான்

இன்று அரியாங்குப்பம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காத எரிச்சலில் நின்றிருந்தேன். காலில் ஏதோ பலகை இடித்தது. காலாலேயே ஓரம் தள்ளினேன்.

“அண்ணா, அது படகத் திருப்புற சுக்கான்,” என்றார் அதைப் பிடித்திருந்த பெண். கடலோரக் குருசுக்குப்பத்துக்காரராம்.

செல்போனில் படகைக் காட்டினார். நடுவில் ஒடுக்கமான படகு, இருபுறமும் மிதவை, ஒரே ஒரு பாய்.

“இங்கேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் பந்தயம்ணா. நானும் தங்கச்சியும் பேர் குடுத்துட்டோம். இன்ஜின் வைக்கக் கூடாது.”

“காத்து நின்னுட்டா?”

“துடுப்பு போடுவோம்.”

“தூக்கம்?”

“ஒருத்தி தூங்கினா ஒருத்தி இதப் புடிச்சிக்கணும்.”

அத்தனை பெரிய கடலில் இரண்டு உயிர்கள் நம்பிப் போகிற பலகையையா உதைத்தேன்? குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஜன்னல் சீட் காலியானது. சுக்கானை உட்கார வைத்தேன்.

நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பீர்களா என்ன?