வடை பன்னுக்குள் போன கதை

போன வாரம் குடவாசல் கடைத்தெருவில் ஒரு புதுப் பலகை பார்த்தேன். ‘பன் வடை பிறந்த இடம்’ என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பிறந்தது வயல் வரப்பில். பிரசவம் பார்த்தவனே நான்தான் என்று ரொம்ப நாளாக உள்ளுக்குள் ஒரு பெருமை. கூச்சத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். இருபது வயதில் டீக்கடையில் வேலை. நடவு நாட்களில் தூக்குவாளியில் டீ, பையில் பன்னும் பருப்பு வடையும் சைக்கிளில் வயலுக்குக் கொண்டுபோவேன். இன்றும் சேற்று வாசனை வந்தால் வடை வாசனையும் கூடவே வருகிறது. மூக்குக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

நடவுப் பெண்களுக்கு முழங்கை வரை சேறு. வாய்க்காலில் போய்க் கழுவி வந்தால், குடை பிடித்து நிற்கும் பண்ணைக் காரியக்காரர் வேலை கெடுகிறதென்று கத்துவார். ஒருநாள் அவர்களில் ஒருவரான அஞ்சலை அக்கா சொன்னார்:

“தம்பி, பன்னைப் பொளந்து வடைய உள்ள வையி. மேல பேப்பரச் சுத்திக் குடு.”

“பேப்பர் சேறாயிடுமேக்கா?”

“ஆனா என்ன, பேப்பரையா திங்கப்போறோம்?” என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சுத்து, எனக்கும் சுத்து என்று கேட்டார்கள். நான் தலை நிமிராமல் சுற்றிக் கொடுத்தேன். மறுநாளே முதலாளி கடையிலும் அதை விற்க ஆரம்பித்தார்.

பலகையைப் பார்த்ததிலிருந்து, அக்காவுக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று கேட்காமல் இருப்புக் கொள்ளவில்லை. திருத்துறைப்பூண்டியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

“சேத்துக்காகத்தானேக்கா அப்படிக் கேட்டீங்க?”

“சேறு என்னப்பா சேறு! பேப்பர் சுத்துனா மடியில கட்டிக்கலாம். வீட்ல இவ பசியோட கெடப்பா.” மகளைக் காட்டினார்.

“அப்ப நீங்க?”

“டீ குடிப்பேன்ல.”

“சொல்லியிருந்தா இன்னொண்ணு குடுத்திருப்பேனே!”

“நீ தரையத்தானே பாத்துக்கிட்டு நிப்ப. எங்கேருந்து சொல்றது?”

“மத்தவங்க?”

“எல்லாருந்தான்.”

யோசித்துப் பார்த்தேன். அத்தனை பன் கொடுத்தும், வரப்பில் ஒரு காகிதம்கூடக் கிடந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது பேருந்து ஜன்னல் வழியே பார்த்தேன். வயலில் இயந்திரம் நட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் ஒருவர்தான். டீ கொண்டுபோகிறவன் இல்லை. சாயங்காலம் மடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிற பெண்களும் இல்லை.