மூன்று சர்வர்களும் ஒரு சங்கும்

பகல் இரண்டு பத்துக்கு அலுவலகத் திரையில் மழை அளவு சிவப்பானது. புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தொழிலாளர் வீடுகள் இருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் மலை சரியலாம். அந்த நிமிடமே எல்லோருடைய கைபேசிக்கும் எச்சரிக்கை போக வேண்டும். போகவில்லை.

மேல் லயத்தை ஒட்டிய எங்கள் குவார்ட்டர்ஸில் என் மகள் தனியாக இருந்தாள். சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை வேண்டாம் என்று அவளுடைய கைபேசியை வாங்கி என் கைப்பையில் வைத்திருந்தேன்.

எங்களிடம் மூன்று சர்வர்கள். மழையை அளப்பது ஒன்று, செய்தி அனுப்புவது ஒன்று, தொலைபேசி எண்கள் இருப்பது பழைய நிர்வாகம் விட்டுப்போன இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று கம்பெனிகளின் இயங்குதளம். நான் அவற்றோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் பெரிய கிளாக்கர் சிரிப்பார்: "மூணு மாமியாருக்கு வாக்கப்பட்டிருக்கீங்க மிஸ்!"

எல்லாவற்றையும் ஒன்றாக்கலாமா என்று ஒருமுறை தோட்டத்தை நடத்தும் துரை கேட்டார். "மூன்றும் ஓடுகின்றன, மாற்றத் தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். பணம் மிச்சம் பிடித்ததாகப் பெருமை வேறு.

செய்தி சர்வர்க்காரருக்கு ஃபோன் அடித்தேன். "எங்க சைட்ல எல்லாம் ஓகே மிஸ். நேத்து அப்டேட் போட்டோம். உங்க மழை மெஷின் பழசு, அதான் பேசமாட்டேங்குது."

மழை சர்வர்க்காரர் சீறினார். "அவங்க அப்டேட் போட்டா நாங்க என்ன செய்றது?"

எண்களையாவது எடுத்து ஒவ்வொருவராக அழைக்கலாம் என்றால், மூன்றாவது சர்வரின் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் கட்டாருக்குப் போய்விட்டார் என்று அந்தக் கம்பெனியில் ஃபோனை எடுத்த பெண் சிங்களத்தில் சொன்னாள். எனக்குத் தெரிந்த நான்கு எண்களையும் அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. ஓடிப் போகலாம் என்றால் ஓடைப் பாலத்துக்கு மேலே தண்ணீர்.

பக்கத்து ஃபெக்டரிக்குள் ஓடினேன். "சங்கு ஊதுங்க!" என்று கத்தினேன். இரண்டே முக்காலுக்கு ஊதினார்கள். ஊதி முடிந்த பிறகுதான் உறைத்தது. அது தினமும் நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கக் கூப்பிடும் சங்கு. மழைக்காக முன்கூட்டியே நிறுக்கிறார்கள் என்று எல்லோரும் கொழுந்து மடுவத்துக்குப் போவார்கள். மடுவம் கீழே, பத்திரமான இடம்தான். ஆனால் கொழுந்துச் சங்குக்கு என் மகள் ஏன் எழுந்திருக்கப் போகிறாள்?

மூன்று மணி தாண்டி மலைப்பக்கம் லொறி கல் கொட்டுவது போல ஒரு சத்தம். அது நிற்கவே இல்லை.

மூன்றரைக்கு என் கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது. மகளின் கைபேசி. யாரோ எங்கிருந்தோ எதையோ சரிசெய்திருக்க வேண்டும். 'உடனே வெளியேறவும்' என்று அவளுக்கு வந்த எச்சரிக்கையை நான் வாசித்தேன். அந்த இரண்டு சொற்களை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இருட்டுவதற்குச் சற்று முன்னால், கீழ்ப்பாதையைச் சுற்றிக்கொண்டு மேல் லயத்துக் கங்காணி வந்தார். அவருக்குப் பின்னால், கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு என் மகள்.

"நாலு மணிச் சங்கு இரண்டே முக்காலுக்கு ஊதவும் மலதான் சரியப் போகுதுன்னு எனக்கு வெளங்கிருச்சு. வீடு வீடாத் தட்டுனேன். உங்க புள்ளதான் தொறக்கல. யாரு வந்தாலும் தொறக்காம படிக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்கன்னு உள்ளேயிருந்தே சொல்லுது. கதவ ஒடச்சிட்டேன் மிஸ். கோவிச்சுக்காதீங்க."